மேலிருந்து பார்த்தால் தரிசு, பட்டாவில் நஞ்சை, ஊரில் பிளாட்டு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தம்பி மகள் புவியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, இடம்சார் தரவுப் பகுப்பாய்வு, நிலப் பயன்பாடு என்ற துறையில் பிஎச்.டி. சேரப்போகிறாள். கூகுள் மேப்பைத் திறந்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை தெரிகிறது, வி.ஏ.ஓ. ஆபீசில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் கணக்கு இருக்கிறது, இதற்கு மேல் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஆராய என்ன இருக்கிறது என்கிறார். நியாயமான சந்தேகம்தான். இந்தத் துறைக்குள் வந்துவிட்ட மாணவர்களிலேயே பலரால் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

ஒரு இடத்தைக் காட்டுகிறேன். உங்கள் ஊருக்கு வெளியிலும் இருக்கும். புறவழிச்சாலையை ஒட்டி நாலைந்து ஏக்கர். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல். வரப்பையெல்லாம் சமன் செய்து, செம்மண் கொட்டிப் பாதை போட்டு, வரிசையாகக் கல் நட்டு, மஞ்சளும் வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். முகப்பில் ஒரு வளைவு, அதில் 'நகர்' என்று முடிகிற ஒரு பெயர். வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. கல்லுக்கு நடுவில் அருகும் ஆவாரையும் முளைத்துக் கிடக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் இது தரிசு. வருவாய்ப் பதிவேட்டில் பல சமயம் இன்னும் நஞ்சை. ஊரில் கேட்டால் "அதுவா, பிளாட்டு போட்டு வித்தாச்சு" என்பார்கள். அங்கே மாடு ஓட்டி வருகிறவருக்கு அது மேய்ச்சல் நிலம். நான்கில் எதுவும் பொய் இல்லை.

நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதுதான் படத்துக்குத் தெரியும். அந்த நிலத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது பத்திரத்தில், பேங்க் கடனில், சொந்தக்காரரின் கணக்கில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிப்பதுதான் நிலப் பயன்பாட்டு ஆய்வாளரின் வேலை. மென்பொருள், நிரல், வண்ண வரைபடம் எல்லாம் அதற்கான கருவிகள். கருவியோடு நின்றுவிட்ட ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. 'இன்ன வட்டத்தில் நிலப் பயன்பாட்டு மாற்றம்' என்று தலைப்பு, பத்து வருஷ இடைவெளியில் இரண்டு படம், பச்சை சிவப்பு நீலம், ஒரு அட்டவணை. வட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார். உங்கள் வீட்டுப் பெண் அதைத்தான் செய்யப்போகிறாள் என்றால் உங்கள் சந்தேகம் சரிதான்.

கூகுள் மேப் பற்றிக் கேட்டீர்கள். அதில் தெரிகிற படம் பல தேதிகளில் எடுத்தவற்றை ஒட்டிச் சேர்த்தது. பக்கத்துப் பக்கத்துத் தெருவே வேறு வேறு வருஷத்துப் படமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் மட்டுமே அதில் உண்டு. ஆய்வாளருக்கு வேண்டியது தேதி தெரிந்த படம், அதிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பட்டை. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்றுவரை ஒரு எண் வரும். தழைத்த பயிர் என்றால் எண் பெரிதாக இருக்கும், வெறும் மண் என்றால் சிறியது, தண்ணீர் என்றால் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இந்தத் துறையில் பாதி வண்டி இந்த ஒரு வகுத்தலில்தான் ஓடுகிறது.

பிறகு, ஒரு பிக்சல், அதாவது படத்தில் உள்ள ஒரு சின்னக் கட்டம், தரையில் எவ்வளவு பெரியது என்பது. இதை மீட்டரில் சொன்னால் நமக்கு உறைக்காது, சென்ட்டில் சொல்கிறேன். 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பிக்சல் ஏறக்குறைய 80 மீட்டர் பக்கம், அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல். அதற்குள் ஒரு வீடு, ஒரு கிணறு, இரண்டு வயல், நாலு தென்னை இருந்தாலும் ஒரு பட்டைக்கு ஒரே ஒரு எண்தான் வரும். பின்னால் வந்த லேண்ட்சாட்டுகளில் 30 மீட்டர், அது 22 சென்ட். நம் இஸ்ரோவின் லிஸ்-3 கருவிக்கு 23.5 மீட்டர், பதின்மூன்றரை சென்ட். 2015-இல் ஐரோப்பியர்கள் ஏவிய சென்டினல்-2 கொடுப்பது 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். இரண்டு செயற்கைக்கோள் மாறி மாறிச் சுற்றுவதால் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்துவிடும், அதுவும் காசில்லாமல். லேண்ட்சாட் படங்களை 2008-இல் இலவசமாக்கினார்கள். அதற்கு முன் ஒரு படத்துக்குப் பல நூறு டாலர் ஆகும், ஆய்வாளர்கள் இரண்டு படம் வாங்கி அதைத் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்துவார்கள். இரண்டு தேதி ஒப்பிடும் பழக்கம் அந்தக் காலத்து வறுமையில் பிறந்தது. காசு வேண்டாம் என்று ஆன பிறகும் அந்தப் பழக்கம் நம்மிடம் போகவில்லை.

ஏன் இரண்டு படம் போதாது என்பதற்குத் தஞ்சை டெல்டாவைப் பாருங்கள். சம்பா நடவுக்குச் சேறடித்துத் தண்ணீர் கட்டியிருக்கும்போது மேலிருந்து எடுத்தால் அந்த வயல் ஏரி மாதிரித் தெரியும். டிசம்பரில் அதே வயல் அடர் பச்சை. தை அறுவடைக்குச் சற்று முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவார்கள், அதனால் அறுத்த கொஞ்ச நாளில் வயல் திரும்பவும் பச்சையாகும். சித்திரையில் வெடித்துக் கிடக்கிற மண். ஒரே வயல் தண்ணீராகவும் பயிராகவும் கட்டாந்தரையாகவும் இருக்கிறது. எந்த ஒரு நாள் படத்தை எடுத்தாலும் பதில் தப்பு. முன்பு சொன்ன, பச்சையை அளக்கிற அந்த எண் வருஷம் முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்கிற வளைவுதான் அந்த வயலின் அடையாளம். குறுவை போட்டுத் தாளடியும் போட்ட வயலில் வளைவுக்கு இரண்டு பெரிய முகடு, சம்பா மட்டும் என்றால் ஒன்று, பின்னால் உளுந்தால் வருகிற சின்ன முகடு தனி. கரும்பு மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். தென்னந்தோப்பு வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட நேர்கோடு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நமக்கு முக்கியமான மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அப்போது வானம் முழுக்க மேகம். ஐந்து நாளுக்கு ஒரு படம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், வடகிழக்குப் பருவத்தில் ஒரு மாதம் முழுக்க ஒரு நல்ல படம்கூடக் கிடைக்காமல் போகும். அங்கேதான் ரேடார் கைகொடுக்கிறது. சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் தானே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. அதற்கு மேகமும் இரவும் தடை இல்லை. அமைதியான தண்ணீர் அலையை வேறு பக்கம் சிதறடித்துவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். நட்ட நாற்று வளர வளர அந்தக் கறுப்பு வெளுத்துக்கொண்டே போகும். இந்த ஏற்றத்தை வைத்து எந்த வயலில் எந்த வாரம் நடவு நடந்தது என்றுகூடச் சொல்லலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பங்கெடுத்த ரைஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தில் டெல்டாவின் நெல் பரப்பை இந்த முறையில்தான் கணித்தார்கள். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோள் இன்னும் நீண்ட அலையில் இதே வேலையைச் செய்யும். நீண்ட அலை இலைக்கூட்டத்துக்குள் புகுந்து போகும் என்பதால் தோப்பும் காடும் ஆராய்கிறவர்களுக்கு அது நல்ல செய்தி.

இவ்வளவு கருவி இருந்தும் ஏன் வெயிலில் அலைய வேண்டும் என்பதைச் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் பார்த்தேன். படத்தில் அந்த இடம் கோடை முழுக்கப் பச்சை. கணினி அதற்கு 'பாசனப் பயிர்' என்று பெயர் வைத்திருந்தது. பங்குனி மாதத்தில், தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் பாசனப் பயிரா? போய்ப் பார்த்தால் கரையிலிருந்து கரைவரை சீமைக்கருவேலம். அது வேரை ஆழத்துக்கு அனுப்பிக் கோடையிலும் பச்சையாக நிற்கிற மரம். அங்கே ஆடு விட்டிருந்த கீதாரி ஒருவரிடம் இது என்ன நிலம் என்று கேட்டோம். "இதுவா தம்பி, வெளியே பார்த்தா முள்ளுக்காடு. உள்ளே வந்து பாருங்க, கரி மூட்டம் போட்டிருக்காங்க" என்றார். உள்ளே நாலைந்து மண் மேடுகள், ஓட்டை வழியே புகை. பஞ்சாயத்தில் மரத்தை ஏலம் விட்டு, எடுத்தவர்கள் வெட்டிக் கரி போட்டு மூட்டை கட்டுகிறார்கள். வெட்டின இடத்தில் இரண்டு வருஷத்தில் திரும்பத் தழைக்கிறது. ஆக, பதிவேட்டில் அது நீர்நிலை. படத்தில் பயிர். பார்க்கிற கண்ணுக்கு முள்காடு. பயன்பாடு என்று கேட்டால் கரிக்கான எரிமரம், கூடவே நெற்றுக் காலத்தில் ஆட்டுக்கு மேய்ச்சல், நல்ல மழை பெய்த வருஷம் கண்மாய். இதை எந்தக் கட்டத்துக்குள் போடுவீர்கள்?

அந்தக் கேள்விக்கு நாம் சொல்கிற பதில் வெறும் பெயர் சூட்டலாக நிற்பதில்லை. இந்தியாவில் நில விவரத்துக்கு 1950 முதல் ஒன்பது வகைப் பகுப்பு நடைமுறையில் இருக்கிறது. காடு, வேளாண்மை அல்லாத பயன்பாடு, பயிரிட இயலாத கரடு, நிரந்தர மேய்ச்சல், மரப்பயிர்கள், பயிரிடத்தக்க தரிசு, பழைய தரிசு, நடப்புத் தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு. வி.ஏ.ஓ. எழுதுகிற அடங்கல் என்ற பயிர்க் கணக்கிலிருந்து கூட்டிக் கூட்டி மேலே போகிற கணக்கு இது. அதில் ஒரு சர்வே எண் நேற்று என்ன வகையோ இன்றும் அதே வகையாக இருக்கும் நாட்டம் அதிகம். ஒருவரே பல நூறு சர்வே எண்ணைப் பார்க்க வேண்டும், அதோடு சான்றிதழ், நிவாரணம், தேர்தல் வேலை வேறு. அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால் அந்தக் கணக்கையும் செயற்கைக்கோள் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொருந்தாத இடங்களில்தான் சங்கதி இருக்கிறது.

காட்டுக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். இந்திய வன அளவைத் துறை 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. 2023 அறிக்கையின்படி நாட்டின் காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், வெளியே உள்ள மரங்களையும் சேர்த்தால் மொத்த நிலத்தில் 25.17 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. அவர்கள் காடு என்று எதைக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்தீர்களா? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு, அதில் மரக் கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் மரத் தழை மூடியிருக்கும் பங்கு, பத்து சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். யாருக்குச் சொந்தம், சட்டப்படி என்ன நிலம், மரம் இயற்கையா நட்டதா என்பதெல்லாம் பொருட்டில்லை. அப்படியானால் பொள்ளாச்சியின் தென்னந்தோப்பும் காட்டுக் கணக்கில் சேர்ந்துவிடலாம். இதை அவர்கள் ஒளிக்கவில்லை, அறிக்கையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தலைப்புச் செய்தி போடுகிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

உலக அளவிலும் இதே கதை நடந்தது. 2013-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மாத்யூ ஹான்சன் குழு ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட லேண்ட்சாட் படங்களை அலசி, 2000 முதல் 2012 வரை உலகில் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது, 8 லட்சம் புதிதாக வந்தது என்று 30 மீட்டர் துல்லியத்தில் வரைபடம் வெளியிட்டது. இந்தத் துறையின் பெரிய சாதனைகளில் அது ஒன்று, சந்தேகமே இல்லை. அடுத்த வருஷமே வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: நீங்கள் காடு என்று காட்டுகிற இடங்களில் தேயிலைத் தோட்டமும் வாழைத் தோட்டமும் இருக்கிறதே? ஹான்சன் குழு அளந்தது மரக் கவிகையை. படித்தவர்கள் எடுத்துக்கொண்டது காடு என்று.

மரம் கூடினாலே நல்லது என்று நினைக்கிறவர்கள் பழனி மலைக்குப் போக வேண்டும். கொடைக்கானலுக்கு மேலே உள்ள மலைமுகட்டின் இயல்பான முகம் சோலையும் புல்வெளியும். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். 'புல்தானே, வீணாய்க் கிடக்கிறது' என்று வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் வேட்டில், பைன், யூகலிப்டஸ் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுத் தள்ளினார்கள். 1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. தின்றது பெரும்பாலும் இந்த மரத் தோட்டங்களும் விவசாயமும். நட்டதோடு நிற்கவில்லை, வேட்டில் விதை தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. பச்சை அளக்கிற எண்ணை மட்டும் பார்த்தால் அந்த மலை நாற்பது வருஷமாகச் செழித்துக்கொண்டே வருகிறது! சோலையையும் வேட்டில் காட்டையும் படத்தில் பிரித்தறிவது லேசில்லை. இரண்டும் எப்போதும் பச்சை, இரண்டும் அடர்த்தி. அந்த மலையில் நடந்து எது எது என்று தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் இருந்திருக்காவிட்டால் அந்த வரைபடம் வந்திருக்காது.

தரிசு நில வரைபடம் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய நிலவளத் துறையும் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து தரிசு நில அட்லஸ் வெளியிடுகின்றன. 2019 பதிப்பின்படி நாட்டில் 5.58 கோடி ஹெக்டேர் தரிசு, ஏறக்குறைய 17 சதவீதம். வேலை நேர்த்தியானது, மூன்று பருவப் படங்களை வைத்துச் செய்தது. ஆனால் ஒரு இடம் தரிசு என்று வரைபடத்தில் வந்துவிட்டால், 'இதைப் பயனுள்ளதாக்கலாம்' என்று சோலார் பூங்காவுக்கோ தொழிற்பேட்டைக்கோ கோப்பு கிளம்புவது சுலபம். அறுப்பு முடிந்த விளைநிலத்தில் ஆட்டுக் கிடை போட்டு, புழுக்கை உரத்துக்காகச் சம்சாரியிடம் கூலி வாங்குகிற கீதாரிக்கு அந்த நிலம் பயனில்லாததா? தென்மாவட்டத்து மானாவாரிக் கரிசலில் மழை இல்லாத இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் அது தரிசாகிவிடுமா? வகைப்பாட்டில் ஒரு பெயரை எழுதும்போது ஆய்வாளர் யாருடைய கண்ணால் பார்க்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இனி கணக்குப் பகுதிக்கு வருகிறேன். 'என் வரைபடம் 97 சதவீதம் துல்லியம்' என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தால் உடனே மயங்க வேண்டாம். ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம்: ஒரு லட்சம் ஹெக்டேர் உள்ள ஒரு பகுதி. வரைபடம் சொல்கிறது, தென்னந்தோப்பு 5,000 ஹெக்டேர், மற்றவை 95,000. நேரில் சரிபார்க்கப் போகிறோம். தோப்பு என்று வந்த இடங்களில் 100 புள்ளி பார்த்ததில் 80 நிஜமாகத் தோப்பு. தோப்பு இல்லை என்று வந்த இடங்களில் 400 புள்ளி பார்த்ததில் 8 மட்டும் தோப்பு. ரொம்ப நல்ல வரைபடம் மாதிரித்தானே இருக்கிறது? பரப்பால் எடையிட்டுக் கணக்குப் போட்டால் மொத்தத் துல்லியம் 97 சதவீதம் வரும். இப்போது தோப்பின் உண்மையான பரப்பை மதிப்பிடுங்கள். 5,000-இல் 80 சதவீதம் 4,000. 95,000-இல் 2 சதவீதம் 1,900. ஆக 5,900. வரைபடத்தில் பிக்சலை எண்ணி 5,000 என்று எழுதியவர் 900 ஹெக்டேரை விட்டுவிட்டார், அதுவும் 97 சதவீதத் துல்லியத்தோடு. பெரிய பரப்பில் நடக்கிற சின்னத் தவறு, சின்னப் பரப்பை விழுங்கிவிடும். பிக்சலை எண்ணிப் பெருக்கினால் பரப்பு வந்துவிடும் என்கிற நினைப்பு இந்தத் துறையில் இன்னும் பரவலாக இருக்கிறது. அது ஒழிந்தால் பாதி ஆய்வேடுகளின் அட்டவணைகளைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

மாற்றத்தை அளக்கும்போது நிலைமை இன்னும் மோசம். 2005 வரைபடம் 90 சதவீதம் சரி, 2020 வரைபடமும் 90 சதவீதம் சரி. தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் சரியாக வந்த பிக்சல் 81 சதவீதம்தான். மீதி 19 சதவீதத்தில் ஏதோ ஒரு வருஷமாவது தப்பு. அந்தப் பகுதியில் நிஜமாக மாறிய நிலம் மூன்று சதவீதம் என்றால், இரண்டு வரைபடத்தையும் கழித்துக் கிடைக்கிற 'மாற்றத்தில்' பெரும்பங்கு வெறும் பிழை. 'விளைநிலம் காடாகிறது' என்று ஆச்சரியமான அட்டவணை எங்கேயாவது பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அப்புறம், இடம்சார் பகுப்பாய்வு என்று தனியாக ஏன் ஒரு பெயர்? 1970-இல் வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர், டெட்ராய்ட் நகர வளர்ச்சியைக் கணினியில் போட்டுப் பார்த்த கட்டுரையில் சொன்னார்: எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையவை, ஆனால் பக்கத்தில் இருப்பவை தூரத்தில் இருப்பவற்றைவிட நெருங்கிய தொடர்புடையவை. கேட்டால் இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சாதாரணப் புள்ளியியலின் அஸ்திவாரத்தையே ஆட்டுகிற விஷயம் அது. ஒரே வாய்க்காலில் பாய்கிற நூறு வயல்களை அளந்துவிட்டு 'எனக்கு நூறு சான்று இருக்கிறது' என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே மண், ஒரே விதைக் கடை. இது தோப்பு, இது வயல் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்த புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளியிலேயே சோதித்துப் பார்த்தால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும். தேர்வுத்தாளை முந்தின நாளே காட்டிவிட்டுத் தேர்வு வைப்பது மாதிரிதான் அது. அதே மாடலைப் பக்கத்து மாவட்டத்துக்கு எடுத்துப் போனால் தடுமாறும். சோதிக்கிற இடம் கற்றுக்கொடுத்த இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பதை இப்போது நல்ல இதழ்கள் கட்டாயமாகக் கேட்கின்றன.

எல்லைக்கோடு செய்கிற வேலையும் இருக்கிறது. 1979-இல் ஓப்பன்ஷா, டெய்லர் என்ற இருவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள 99 கவுண்டிகளை எடுத்துக்கொண்டார்கள். முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி ஓட்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார்கள். கவுண்டிகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பெரிய வட்டாரங்களாக்கினால், அதே தரவிலிருந்து கிட்டத்தட்ட முழு எதிர்த் தொடர்பையும் வரவழைக்கலாம், கிட்டத்தட்ட முழு நேர்த் தொடர்பையும் வரவழைக்கலாம் என்று காட்டினார்கள். நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தமிழ்நாட்டில் 32 மாவட்டம் இருந்தது, 2019, 2020-இல் பிரித்துப் பிரித்து 38 ஆனது. மயிலாடுதுறை பிரிந்தது தெரியாமல் நாகப்பட்டினத்தின் 2015 நெல் பரப்பையும் 2022 நெல் பரப்பையும் பக்கத்தில் வைப்பவருக்கு அங்கே விவசாயமே அழிந்துவிட்டது மாதிரித் தெரியும். பழைய எல்லைக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட முடியும். மாணவர்களின் காலத்தில் பெரும்பகுதி இந்த மாதிரி வேலையில்தான் போகும். புல வரைபடங்களை நவீன ஆயத்தொலைவுகளோடு பொருத்துவது, ஒரே கிராமத்தின் பெயர் மூன்று பட்டியலில் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவதைச் சேர்ப்பது. யாரும் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனால் இதைச் சரியாகச் செய்யாத ஆய்வு ஒன்றுக்கும் ஆகாது.

உங்கள் தம்பி மகளுக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் வட்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஒன்று தருகிறேன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அந்தத் தடைக்கு முன்னும் பின்னும் வயல் மனையாகிற வேகம் என்ன ஆனது? நின்றதா, அங்கீகாரம் வாங்கக்கூடிய பெரிய கைகளுக்கு மாறியதா, சாலையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளிப் போனதா? சென்டினல்-2 படங்கள் 2015-இலிருந்து இருப்பதால் தடைக்கு முந்தைய நிலவரமும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் மனைப்பிரிவில் 30 அடிப் பாதை என்பது 9 மீட்டர், ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். 20 அடிப் பாதை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அதை எப்படிப் பிடிப்பது என்பதே ஒரு அத்தியாயம். பிறகு பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, சாலையிலிருந்து தூரம், ஏரிப் பாசனமா கிணற்றுப் பாசனமா, கிணறு வற்றிய வருஷம் எது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்களோடு பேசினால் எந்தப் படத்திலும் இல்லாதது கிடைக்கும்.

மென்பொருளுக்குச் செலவு செய்ய வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், ஆர் மொழியும் பைத்தானும் இலவசம், கூகுள் எர்த் எஞ்சினும் ஆய்வுக்கு இலவசம். நல்ல லேப்டாப்பைவிட மாதிரி எடுப்பியலில், அதாவது சரிபார்க்க எந்தெந்தப் புள்ளிகளை எடுப்பது என்பதில், ஒரு நல்ல பாடம் அவளுக்கு அதிகம் உதவும். இஸ்ரோவின் புவன் தளத்தில் நாடு முழுவதற்குமான நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் 2005-06, 2011-12, 2015-16 ஆண்டுகளுக்கு இருக்கின்றன. அதில் சொந்த ஊரைத் திறந்து, தெரிந்த இடம் எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சேருவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை அது. வேலைவாய்ப்பைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பயிர்க் காப்பீடு, நகரத் திட்டமிடல், நீர்வளம், காட்டுக் கணக்கு எல்லா இடத்திலும் இப்போது இந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். படம் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய, பிழையைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் குறைவு.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கறாராக இருக்கட்டும். இரண்டு விஷயம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். களத்துக்குப் போய்வர எந்த நிதியிலிருந்து பணம் வரும்? இதுவரை வழிகாட்டிய ஆய்வேடுகளில் சரிபார்ப்புப் புள்ளிகளை யார் போய் எடுத்தார்கள், அந்தப் புள்ளிகளின் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.